வெறுங்காணியாகத் தெரிந்த இரண்டு வன்தட்டுகள்: வட்டக்கச்சி வீட்டுக் கணினி ஒன்றின் ரெயிட் நிகழ்வு ஆய்வு

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சியில் ஒரு வீட்டுக் கணினியை இருவர் பாவிக்கிறார்கள். பகலில் தாய், விண்டோஸ் 11இல் போட்டோஷொப்பைத் திறந்து கல்யாண வீட்டு ஆல்பங்களையும் சாமத்திய வீட்டு ஆல்பங்களையும் வடிவமைக்கிறார்; கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் உள்ள ஸ்டூடியோக்கள் படங்களை வெளித்தட்டில் போட்டு அவருக்கு அனுப்புகின்றன. இரவிலும் கிழமைக் கடைசியிலும் மகன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர்ப் பொறியியற் பீட மாணவர், அதே கணினியை லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04இல் துவக்கித் தன் பாட வேலைகளைச் செய்கிறார். 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை இரண்டு இயங்குதளங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டுள்ளன. தாயின் வேலைக்கு 1 டிபி வன்தட்டு ஒன்று விண்டோஸுக்குரிய என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கிறது. இவற்றோடு புதிதாக வாங்கிய இரண்டு 2 டிபி வன்தட்டுகளும் சேர, தாய்ப்பலகையின் நான்கு சாட்டா இணைப்புகளும் நிரம்பின.

இந்த இரண்டு புதிய தட்டுகளிலும் மகன் அமைத்த ரெயிட் அணி, அதாவது பல தட்டுகளை ஒன்றாக இயக்கும் ஏற்பாடு, எட்டே நாளில் காணாமற்போனது. கிளிநொச்சியில் கணினி திருத்தும் வேலை பார்க்கும் என்னிடம் அது வந்த வழியையும், உள்ளே இருந்ததை மீட்ட விதத்தையும், பிறகு அணியை எப்படி மாற்றி அமைத்தோம் என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

தொடக்கம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். அந்த நேரம் தாய் ஓர் ஆல்பத்தைச் சேமித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியபோது அந்தக் கோப்பு திறக்கவில்லை. அடுத்த சில நாள்கள் சுழற்சி முறையிலான மின்வெட்டும் இருந்ததால், இனி இப்படி நடக்கக்கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மகன் படித்த புத்தியில் அதற்கு வந்த பதில் ரெயிட்.

நோயும் மருந்தும் பொருந்தவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெயிட் 1, அதாவது மிரர், ஒரு தட்டு செத்தால் மற்றத் தட்டில் வேலை தொடர வழி செய்யுமே தவிர, பாதி எழுதிய கோப்பை முழுதாக்காது. அன்று மிரர் இருந்திருந்தால் அதே அரைகுறைக் கோப்பு இரண்டு தட்டிலும் மிக நேர்மையாகப் பதிந்திருக்கும். அன்றைய இழப்பைத் தடுத்திருக்கக்கூடியது ஒரு யூபிஎஸ். ஆயினும் இரண்டாவது பிரதி ஒன்றுக்கான தேவை அந்த வீட்டில் மெய்யாகவே இருந்தது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் குடும்ப ஆல்பங்கள் எல்லாம் போய், ஒரு பையில் மிஞ்சிய சில படங்களோடு வெளிநாட்டு உறவினர் அனுப்பியவற்றையும் சேர்த்து, மகன் இரண்டு வருடமாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அவை ஒரேயொரு தட்டில் கிடந்தன.

ரெயிட் என்ற பெயரை பேர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பரப்பியது. விலை உயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுகளின் கூட்டம் என்பதே அவர்கள் எண்ணம். இரண்டே தட்டு உள்ள வீட்டில் தெரிவுகள் சொற்பம். ரெயிட் 5க்குக் குறைந்தது மூன்று தட்டு வேண்டும். ரெயிட் 0 வேகம் தரும், ஆனால் ஒரு தட்டு போனால் இரண்டிலும் உள்ளது போகும். ஞாபகப் படங்களுக்கு அதை நினைத்தும் பார்க்கக்கூடாது. ஆகவே மகன் ரெயிட் 1ஐத் தெரிந்தது சரி. லினக்ஸின் மென்பொருள் ரெயிட் முறையான எம்டி அணியை எம்டிஆட்ம் கருவியால் அமைத்து, அதன்மேல் இஎக்ஸ்டி4 கோப்புமுறையைப் போட்டு, ஸ்கேன் படங்களையும் தாயின் முடிந்த ஆல்பங்களின் பிரதிகளையும் அதில் நிரப்பினார். தட்டுகளில் பிரிவு எதுவும் வகுக்காமல், முழுத்தட்டையே அணிக்குக் கொடுத்தார். லினக்ஸ் மட்டும் ஓடும் சேர்வரில் பலரும் இப்படித்தான் செய்வார்கள், அங்கே அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இந்த வீட்டில் கெட்டது.

ஒரு பொத்தான்

எட்டாம் நாள் ஒரு ஸ்டூடியோ கொடுத்தனுப்பிய வெளித்தட்டு விண்டோஸில் தட்டுக்குரிய எழுத்து (டிரைவ் லெட்டர்) பெறாமல் கிடந்தது. அதைத் தேடித் தாய், விண்டோஸில் தட்டுகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தார். திறந்தவுடன் ஒரு சிறு பெட்டி எழுந்தது: தட்டுகளை அணுகுவதற்கு முன் அவற்றை இனிஷியலைஸ் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே டிஸ்க் 1, டிஸ்க் 2 என இரண்டு வரிகள். இரண்டிலும் சரிக்குறி ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு ஜிபிடி என்ற தெரிவும் தானாகவே புள்ளியிடப்பட்டிருந்தது. வெளித்தட்டைப் பற்றித்தான் கேட்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டதில் பிழை சொல்ல முடியாது. “தம்பி, நான் ஒண்டும் அழிக்கேல்லை. ஓகே எண்டு ஒருக்கா அமத்தினனான், அவ்வளவுதான்,” என்று பிறகு என்னிடம் சொன்னார். சொன்னது உண்மை.

அன்றிரவு மகன் உபுண்டுவைத் துவக்கியபோது கரிய திரையில் ஒன்றரை நிமிடம் காத்திருப்பு ஓடி, பிறகு அவசர நிலை என்ற வரியோடு கணினி நின்றது. அணி இல்லை, அணியை ஏற்றும்படி துவக்கப் பட்டியலில் எழுதியிருந்த வரியோ, அது இல்லாவிட்டாலும் தொடர்ந்து போ என்ற அனுமதி இல்லாமல் எழுதப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் மகனின் கை நின்றதே இந்த நிகழ்வில் மிகப் பெரிய நல்ல காரியம். அதே இரண்டு தட்டுகளைக் கொடுத்து அணியை மறுபடி உருவாக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, என்டர் அடிக்காமல் என்னை அழைத்தார். கருவியின் பதிப்பு மாறியிருந்தால் தரவு தொடங்கும் இடமும் மாறும். உருவாக்கியவுடன் ஒத்திசைவு தொடங்கி ஒரு தட்டு மற்றதன்மேல் எழுதும். அதற்குமேல் கோப்புமுறை தெரியவில்லையே என்று யாராவது புதிதாக வடிவமைத்தால் கதை முடிந்தது. காணாமற்போன அணிகளில் உண்மையாகவே அழிந்துபோனவை பெரும்பாலும் மீட்பு என்ற பெயரில் அழிந்தவையாகவே என் கைக்கு வந்திருக்கின்றன.

என்ன அழிந்தது

தட்டின் முதற்பகுதியைப் பதினறும எண்களாகத் திறந்து பார்த்தபோது எல்லாம் வெளிச்சமாயிற்று. ஜிபிடி அட்டவணையின் தலைப்பு 512ஆவது பைட்டில் இருக்கும். அதன் பிரிவுப் பட்டியல், ஒவ்வொன்றும் 128 பைட் கொண்ட 128 இடங்களாக, 1,024இல் தொடங்கி 17,407 வரை நீளும். எம்டி அணியின் 1.2 வகைக் குறிப்பேடு, அதாவது இந்தத் தட்டு எந்த அணியைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு, தரவு எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் சொல்லும் சூப்பர்புளொக், 4,096ஆவது பைட்டில் இருக்கும். அதாவது, விண்டோஸ் எழுதிய அட்டவணைக்கு நடுவில். அந்த இடத்தில் இப்போது பூச்சியங்கள் மட்டுமே இருந்தன. இரண்டு தட்டிலும் அப்படியே.

நாங்கள் மீளக் குடியேறிய காலத்தில் வேலி இல்லாத காணியைப் பார்த்தவர்கள் வெறுங்காணி என்றுதான் நினைத்தார்கள்; உள்ளே அத்திவாரம் இருந்தாலும் பற்றை மூடியிருந்தால் தெரியாது. முழுத்தட்டில் அமைந்த எம்டி அணியும் விண்டோஸுக்கு அப்படியே தெரிகிறது. பிரிவு அட்டவணைதான் அது அறிந்த வேலி. வேலி இல்லாத தட்டைக் கண்டால், ஆளில்லாக் காணி என்று தன் கட்டைகளை நட அனுமதி கேட்கும்.

ஆனால் தரவு 4,096இல் தொடங்குவதில்லை. எம்டி அணி முன்பக்கத்தில் நிறைய இடம் விட்டுத்தான் தரவைத் தொடங்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று ஊகிக்காமல் அறிய ஒரு வழி உண்டு: தட்டின் அதே அளவில், 2,000,398,934,016 பைட் கொண்டதாக, உண்மையில் இடம் எடுக்காத இரண்டு வெற்றுக் கோப்புகளை அதே கணினியில், அதே பதிப்புக் கருவியால் ஓர் அணியாக்கிப் பார்ப்பது. பதில் 264,192 செக்டர் (ஒவ்வொன்றும் 512 பைட்) என்று வந்தது, பைட்டில் 135,266,304. விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் 16 எம்பி பிரிவுகூட அந்த எல்லைக்கு வெகு முன்னரே முடிந்துவிடுகிறது. ஆகவே தட்டின் முன்பக்கத்தில் எழுதப்பட்டது முழுவதும் முற்றத்தில். அந்தப் பக்கமாக வீட்டுக்குள் எதுவும் நுழையவில்லை.

ஒரு தட்டைக் கழற்றி மேசை லாச்சியில் வைத்தோம். மற்றதை வாசிக்க மட்டும் என்று பூட்டி, 135,266,304ஆவது பைட்டிலிருந்து தொடங்கும் ஒரு தனித்தட்டுபோல, லூப் சாதனமாகக் காட்டினோம். அங்கிருந்து 1,080ஆவது பைட்டில் இஎக்ஸ்டி4இன் அடையாள எண் இருந்தது. கோப்புமுறையின் பதிவேட்டை (ஜேர்னல்) மீள ஓட்டாமல், வாசிப்பு மட்டும் என்ற நிலையில் ஏற்றியதும் கோப்புறைகள் அத்தனையும் வந்தன. தாய் எட்டிப் பார்த்து, முதலில் திறக்கச் சொன்னது ஆல்பம் எதையும் அல்ல. ஓரம் எரிந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை. பிறகுதான் நாற்காலியில் இருந்தார். எல்லாவற்றையும் வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்து, எண்ணிக்கையும் சரிபார்த்த பின்னரே பழைய தட்டுகளைத் தொட்டோம்.

மிரர் என்பதால் மீட்பு இலகுவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டும் தனித்து வாசிக்கக்கூடிய முழுப் பிரதி. ரெயிட் 0 ஆக இருந்திருந்தால் துண்டு அளவையும் தட்டுகளின் ஒழுங்கையும் கண்டுபிடிக்காமல் ஒரு படமும் முழுதாக வந்திராது.

யாருடைய அணி

புதிதாக அமைக்கும்போது எந்த ரெயிட் என்ற கேள்வியைவிட, அணி யாருடையது என்ற கேள்வியே எங்களை நெடுநேரம் இருத்தியது. இரண்டு இயங்குதளமும் ஒரே அணியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நேர் வழி, தாய்ப்பலகையின் நிலைபொருள் (பயோஸ்) வழியாக அமைக்கும் ரெயிட். இன்டெல்லின் அந்த முறையை விண்டோஸ் அதற்குரிய டிரைவர் மூலமாகவும், லினக்ஸ் எம்டிஆட்ம் மூலமாகவும் ஒரே குறிப்பேட்டைக் கொண்டு வாசிக்கும். இரட்டைத் துவக்கக் கணினிக்கு அது நல்ல வழி. ஆனால் இந்தப் பலகையின் எச்310 சிப்செட்டுக்கு இன்டெல் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. பயோஸில் சாட்டா நிலையைத் திறந்தால், தட்டுகளைத் தனித்தனியே காட்டும் ஏஎச்சிஐ ஒன்றுதான் இருக்கிறது. வசதி உள்ள பலகையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: விண்டோஸை நிறுவிய பிறகு ஏஎச்சிஐயை ரெயிட் என்று மாற்றினால் நீலத் திரை வந்து நிற்கும். முதலில் விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் துவங்கும்படி அமைத்து, மீளத் துவக்கும் வழியில் பயோஸை மாற்றி, ஒருமுறை அந்த நிலையில் ஏறவிட்ட பிறகே வழமைக்குத் திரும்ப வேண்டும்.

தட்டுகளைச் சேர்த்து இயக்கும் விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் மிரர் போட்டிருந்தால் இதே கதை தலைகீழாக நடந்திருக்கும், ஏனெனில் லினக்ஸ் கேர்னல் அதை வாசிப்பதில்லை. ஒரு நாள் மகனின் நிறுவல் திரையில் அந்தத் தட்டுகள் யாருக்கும் சொந்தமில்லாதவைபோலக் கிடந்திருக்கும். விண்டோஸின் பழைய டைனமிக் டிஸ்க் மிரரை லினக்ஸில் ஒரு கருவி கொண்டு திறக்கலாம். ஆனால் மைக்ரோசொஃப்ட்டே கைவிட்டுக்கொண்டிருக்கும் முறையில் புதிய வீடு கட்ட எனக்கு மனம் வரவில்லை. தட்டைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை விண்டோஸுக்கும் மறுபாதியை லினக்ஸுக்கும் கொடுப்போமே என்று மகன் கேட்டார். டைனமிக் டிஸ்க் முழுத்தட்டையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் அதுவும் நடக்காது. பழைய கணினி ஒன்றில் தட்டுகளைப் பூட்டி வலையமைப்பு வழியாக இருவருக்கும் பகிர்வதே எல்லாவற்றிலும் சுத்தமான ஏற்பாடு. அதற்கு இன்னொரு பெட்டியும் அதற்கான மின்கட்டணமும் வேண்டும் என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

தாய்க்கு உண்மையில் அணி தேவையில்லை என்பது இவ்வளவு பேசிய பிறகுதான் தெளிவானது. அவருடைய வேலை தினமும் மாறும் கோப்புகளில். அவருக்குத் தேவை நேற்றைய பிரதி. ஆகவே அவர் வழமைபோல 1 டிபி தட்டிலேயே வேலை செய்வார். அணி லினக்ஸுக்கு மட்டுமே உரியது. மகன் உபுண்டுவைத் துவக்கும் ஒவ்வொரு முறையும், அந்த என்டிஎஃப்எஸ் தட்டை வாசிப்பு மட்டும் என்று ஏற்றி, மாறியவற்றை அணிக்கு இழுத்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல் ஓடும். பழைய பதிப்புகள் திகதியிட்ட கோப்புறைகளில் தங்கும். இதற்காக விண்டோஸின் வேகத் துவக்கத்தை நிறுத்தினோம். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் தட்டில் இருப்பது கடைசி நிலைதான் என்று நம்பி வாசிக்க முடியாது.

வேலி

இம்முறை ஒவ்வொரு தட்டிலும் முதலில் ஜிபிடி அட்டவணையை நாங்களே எழுதினோம். 1 எம்பியில் தொடங்கும் ஒரே பிரிவு. வகை, லினக்ஸ் ரெயிட். கடைசியில் 200 எம்பி இடம் வெறுமையாக விட்டோம், ஏனெனில் நாளைக்கு வேறு நிறுவனத்தின் 2 டிபி தட்டு மாற்றாக வரும்போது சில செக்டர் குறைந்திருந்தால், அந்தச் சிறு குறைவுக்காகவே அணி அதைச் சேர்க்க மறுக்கும். அந்தப் பிரிவுகளின்மேல்தான் அணி. விண்டோஸ் இப்போது அவற்றைத் தனக்குத் தெரியாத, ஆனால் யாருக்கோ உரிய பிரிவு என்று காண்கிறது. எழுத்துக் கொடுப்பதில்லை, வடிவமைக்கட்டுமா என்று கேட்பதும் இல்லை. அதற்கு மேலும் டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டையும் ஆஃப்லைன் ஆக்கினோம். விண்டோஸை மீள நிறுவினால் அந்த ஆஃப்லைன் போய்விடும், வேலி இருக்கும்.

முதல் ஒத்திசைவுக்கு 3 மணி 50 நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் மின்சாரம் தடைப்படாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டமே தவிரத் திட்டம் அல்ல. மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில், எழுதப்படும் பகுதிகளைக் குறித்துவைக்கும் பிட்மேப் இல்லாமல் எம்டி மிரர் வைக்கக்கூடாது. அது இருந்தால், திடீரென அணைந்து எழும்போது, அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த பகுதிகளை மட்டும் அணி சரிபார்க்கும்; இல்லையேல் 2 டிபியையும் அடியிலிருந்து மறுபடி ஒத்திசைக்கும், அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். சோதனைக்காக, கணினியை அணைத்து ஒரு தட்டின் கம்பியைக் கழற்றித் துவக்கினோம். அணியின் நிலையைக் காட்டும் வரியில் சதுர அடைப்புக்குள் நிற்கும் இரண்டு யு எழுத்துகளில் ஒன்று போய், அந்த இடத்தில் கீழ்க்கோடு வந்தது. சில படங்களை எழுதி, மறுபடி அணைத்துக் கம்பியைப் பூட்டித் தட்டைச் சேர்த்தபோது சில நிமிடங்களில் இரண்டு யுவும் திரும்பின.

வீட்டுப் பாவனைத் தட்டுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பழுதான செக்டரைக் கண்டால் அவை விடாப்பிடியாக, இரண்டு நிமிடத்துக்கு மேலும்கூட, மறுபடி மறுபடி வாசிக்க முயலும். லினக்ஸோ 30 விநாடியில் பொறுமை இழந்து இணைப்பை மீளமைக்கும். அதனால் ஒரு செக்டருக்காக முழுத்தட்டே அணியிலிருந்து உதைத்து வெளியேற்றப்படலாம். பிழை நேரத்தை 7 விநாடியாகக் குறைக்கும் கட்டளையை இந்தத் தட்டுகள் ஏற்கவில்லை. எனவே லினக்ஸின் பொறுமையை 180 விநாடியாகக் கூட்டினோம். துவக்கப் பட்டியலின் வரியிலும், அணி இல்லாவிட்டால் 10 விநாடியில் விட்டுவிட்டுத் தொடரும்படி எழுதினோம்.

ஐந்தரை மணி நேரம்

மூன்றாம் கிழமையில் மகன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தாய் திருத்தி முடித்த இரண்டு ஆல்பங்களின் பழைய வடிவமே அணியில் இருந்தது. நிரலோ பிழை எதுவும் சொல்லவில்லை. தாய்ப்பலகைக் கடிகாரத்தை உபுண்டு உலக நேரமாக வைத்துப் போகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இலங்கையில் அந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். இணையம் இருந்தால் விண்டோஸ் சற்று நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். இணையத் தரவு முடிந்த நாள்களில் திருத்தாது. அப்படியான ஒரு நாளில் திருத்திய கோப்புகள் ஐந்தரை மணி நேரம் பிந்திய கடிகாரத்தால் முத்திரை பெற்றதால், அணியில் இருந்த முந்தைய பிரதியைவிடப் பழையவைபோலத் தெரிந்தன. நிரலில் மகன் போட்டிருந்த, பெறும் பக்கத்தில் புதியது இருந்தால் விட்டுவிடு என்ற தெரிவு அவற்றைத் தாண்டிப் போயிற்று. அந்தத் தெரிவை நீக்கினோம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து, அதையும் உலக நேரத்துக்குக் கொண்டுவந்தோம். இரட்டைத் துவக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கடிகாரத்தை ஒரு சிறு தொல்லை என்று கடந்துபோவார்கள். திகதியை நம்பிப் பிரதி எடுக்கும் வீட்டில் அது சிறியதல்ல.

இன்னும் உள்ள பலவீனங்கள்

மகன் பீடத்திலேயே தங்கிப் பரீட்சைக்குப் படிக்கும் கிழமைகளில் கணினி விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. அந்த நாள்களில் பிரதி எடுபடாது. ஒரு தட்டு செத்தாலும் தெரியாது. தட்டுகளை முழுதாக வாசித்துச் சரிபார்க்கும் மாதாந்த வேலை, மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலைக்கு என்று உபுண்டுவில் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரம் வட்டக்கச்சியில் எந்த வீட்டுக் கணினியும் விழித்திருக்காது. அதை மகன் போயா விடுமுறைகளில் கையால் தொடக்குகிறார். ஆல்பங்களை அடிக்கடி சேமிக்கும் தாய்க்கு இப்போது 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் தாங்கும், சேமித்து அணைக்க அது போதும்.

இடி மின்னல் ஒரே நேரத்தில் நான்கு தட்டையும் எரித்துவிடலாம் என்பதால், ஸ்கேன் படங்களின் மூன்றாவது பிரதி ஒன்று வெளித்தட்டில் வவுனியாவில் பெரியம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இரண்டு வெளித்தட்டுகள் மாறி மாறி ஏ9 வீதியில் பஸ்ஸில் போய் வருகின்றன. சென்ற முறை போனது பழைய பிரதி என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது இரண்டின் மேலும் திகதி எழுதிய பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது.